“யாராவது வாங்க” என்றால் யாரும் வருவதில்லை: குடியிருப்போர் சங்க அனுபவங்கள் (புனைபெயர்களில் சிலர் எழுதிய பதிவுகள்)

மாடிப்படி:

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளராகி மூன்று வருடம் ஆகிறது. ஆசைப்பட்டு ஆகவில்லை. பொதுக்குழுவில் “செயலாளர் பதவிக்கு யார் வர்றீங்க?” என்று கேட்டபோது எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்திருந்ததால் மாட்டிக்கொண்டேன்.

வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு போட்டால் வேலை நடந்துவிடும் என்று முதல் வருடம் முழுக்க நம்பினேன். “வரும் ஞாயிறு காலை 7 மணிக்குப் பூங்காவைச் சுத்தம் செய்கிறோம். ஆர்வமுள்ள அனைவரும் வரவும்.” குழுவில் 140 பேர். கட்டைவிரல் 31 விழுந்தது, கும்பிடு 12. ஞாயிறு காலை வந்தவர்கள் 4 பேர். அதில் ஒருவர் என் மனைவி. இன்னொருவர் நடைப்பயிற்சிக்கு வந்தவர், தப்பிக்க வழியில்லாமல் துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்.

இப்போது சொல்ல வந்தது கீழ்த்தளத்துப் பெரியவரைப் பற்றி. எந்தக் கூட்டம் நடந்தாலும் எழுந்து திட்டுவார். “தெருவிளக்கு எரியல. சங்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?” பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உட்கார்ந்துவிடுவார். இரண்டு வருடம் இதுதான் நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். “சார், மொத்தம் எத்தனை விளக்கு எரியலன்னு எனக்கு நிஜமாவே தெரியாது. நீங்கதான் தினம் ராத்திரி நடக்கறீங்க. கம்பத்து நம்பரோட எழுதித் தர முடியுமா?”

என்னை மேலும் கீழும் பார்த்தார். சரி, இன்றைக்கு வீட்டிலேயே வைத்துத் திட்டு என்று நினைத்தேன். நோட்டைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கோடு போட்ட நோட்டு சரிப்படாது. கட்டம் போட்டது கொண்டு வாங்க.”

நான்காம் நாள் பட்டியல் வந்தது. கம்ப எண், எரியவில்லை, மினுக்குகிறது, பகலிலும் எரிகிறது, கிளை மறைக்கிறது என்று தனித்தனிக் கட்டம். அதுவரை நாங்கள் கொடுத்த மனுக்களில் எல்லாம் “எமது பகுதியில் பல விளக்குகள் எரிவதில்லை” என்றுதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எந்த லைன்மேன் ஏணியை எங்கே சாய்ப்பார்? எண்களோடு கொடுத்த பிறகு பாதிக்கு மேல் பத்தே நாளில் சரியானது. பெரியவர் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. முன்பு சும்மா திட்டுவார், இப்போது ஆதாரத்தோடு திட்டுகிறார்.

இப்படி, இவரிடம் போய் என்ன கேட்பது என்று நாம் ஒதுக்கி வைத்த ஆள் வேறு மாதிரி தெரிந்த சம்பவம் உங்களுக்கும் இருக்கும். எழுதுங்கள்.

ஓய்வுபெற்றவன்:

பொதுவாகக் கூப்பிட்டால் யாரும் அசையமாட்டார்கள் என்பதை எனக்கு ஒரு முதலுதவிப் பயிற்சியில் நடத்தியே காட்டினார்கள். எங்கள் சங்கம் ஏற்பாடு செய்த பயிற்சி, 22 பேர் வந்திருந்தோம். தரையில் ஒரு ரப்பர் பொம்மை. மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். கேட்க எளிது. இரண்டு நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறச் சொல்கிறார்கள்.

பிறகு பயிற்சியாளர் ஒரு பையனைக் கூப்பிட்டு, நிஜமாகவே ஒருவர் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கத்தச் சொன்னார். “யாராவது ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க!” என்று அவன் கத்தினான். 21 பேரில் ஒருவர் கை கூடப் பாக்கெட்டுக்குப் போகவில்லை. “பாத்தீங்களா? இப்ப விரலை நீட்டிச் சொல்லு. நீலச் சட்டை சார், நீங்க போன் பண்ணுங்க, பண்ணிட்டு எங்கிட்ட வந்து சொல்லுங்க” என்றார். நீலச் சட்டைக்காரர் போனை எடுத்தேவிட்டார். பயிற்சி என்பதே அவருக்கு மறந்துபோனது, நல்ல வேளையாகத் தடுத்தோம்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தனித்தனி அறையில் ஆட்களை உட்கார வைத்து, இன்டர்காம் வழியாகப் பேச வைத்தார்கள். பேச்சுக்கு நடுவே ஒருவருக்கு வலிப்பு வந்தது போன்ற குரல் கேட்கும். கேட்பது நான் ஒருவன்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்துபோய்ச் சொன்னார்கள். இன்னும் நாலு பேர் காதிலும் விழுகிறது என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். போகாமல் உட்கார்ந்திருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, கை வேர்த்து நடுங்கிக்கொண்டுதான் இருந்தார்களாம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்ட உங்கள் 31 பேரையும் மன்னித்துவிடுங்கள், மாடிப்படி. (இங்கேயும் 31! தற்செயல்தான்.)

பயிற்சி முடிந்த சில வாரத்தில் எங்கள் காவலாளி வாசலில் மயங்கி விழுந்தார். கூட்டம் கூடிவிட்டது. பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, குனிந்து அவர் மூச்சைப் பார்த்துவிட்டு, நேராக என்னை நோக்கி விரலை நீட்டினாள். “தாத்தா, நீங்க போன் பண்ணுங்க!” பண்ணினேன். சர்க்கரை குறைந்து வந்த மயக்கம், பிழைத்துக்கொண்டார். எனக்கு வயது 61தான். தாத்தா என்றதை இன்னும் செரிக்க முடியவில்லை.

ரசீதுப் புத்தகம்:

நான் பொருளாளர். எங்க கதையில சண்டைதான் முதல்ல.

வருஷாந்தரக் கூட்டத்துல கணக்கு வாசிச்சேன். கடைசி வரி “இதர செலவுகள்”. எல்லாரும் கிளம்பத் தயாரா இருந்த நேரம். பின் வரிசையில இருந்து ஒரு அம்மா எழுந்தாங்க. “தம்பி, இதரம்னா என்ன?” சில்லறைச் செலவும்மான்னேன். “அது தெரியுது. என்னென்ன?” எனக்கு ஞாபகம் இல்ல. நாப்பது பேர் முன்னாடி முழிச்சேன். ஒரு பைசா எடுக்கல, ஆனா எடுத்தவன் மாதிரி நின்னேன். அன்னிக்கு ராத்திரி ராஜினாமாக் கடிதமே எழுதிட்டேன்.

கொடுக்கல. அடுத்த மாசம் கணக்கைப் பலகையில ஒட்டறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போனேன். கொஞ்சம் வீம்புதான். அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வவுச்சரா எடுத்து, பென்சில்ல டிக் பண்ணி, ரெண்டு இடத்துல கூட்டல் தப்பைப் பிடிச்சாங்க. ஒண்ணு சங்கத்துக்கு நஷ்டம், இன்னொண்ணு எனக்கு நஷ்டம். எனக்கு வர வேண்டியதைத்தான் முதல்ல சொன்னாங்க. அத்தோட கோபம் போச்சு.

இப்ப “இதரம்”ங்கிற தலைப்பே கிடையாது. காசோலைன்னா ரெண்டு கையெழுத்து, ரொக்கம்னா எண் போட்ட ரசீது, மாசம் 5ஆம் தேதிக்குள்ள கணக்கு பலகையில. “பணம் எங்க போகுதுன்னே தெரியல”ன்னு சந்தா கட்டாம இருந்தவங்க பாதிப் பேருக்கு மேல சாக்கு இல்லாமப் போச்சு. உள் தணிக்கையாளர்னு ஒரு பதவியே எங்க துணை விதிகள்ல கிடையாது. அந்தம்மா அதுலதான் இருக்காங்க.

கொசுவலை:

பெரியவர்களால் முடியாததை எங்கள் இடத்தில் குழந்தைகள் செய்தார்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக, வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒரு முறை தேங்கிய நீரைக் கொட்டினால் அந்தச் சங்கிலி அறும். கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். இதையெல்லாம் துண்டறிக்கையாக அச்சடித்துக் கொடுத்தோம். ஒருவரும் படிக்கவில்லை.

பிறகு எட்டு குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு டார்ச்சும், ஆளுக்கு இத்தனை வீடு என்றும் கொடுத்தோம். பெரியவர் ஒருவர் கூடப் போவார், ஆனால் பேசக்கூடாது. மூன்றாவது மாடியில் ஒருவர் கதவைப் பாதி திறந்து, “எங்க வீட்டுல தண்ணியே நிக்காதும்மா” என்றார். எங்கள் ஒன்பது வயதுப் பெண் விடவில்லை. “அங்கிள், ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்.” பின்பக்கத்துத் தட்டில் டார்ச் அடித்தாள். கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் கூடப்போகும் பெரியவராக அவர் பெயரைக் கொடுத்தார்.

இந்தக் கொசு பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் பறப்பதில்லை. உங்களைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். அரசு வண்டி வந்து புகை அடித்துவிட்டுப் போகும், உள்ளே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பார்க்காது. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வரவேண்டும்.

முன்னாள் தலைவர்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். ஆளைப் பார்த்துக் கேட்டால் வருவார்கள் என்பது சரி. கேட்கப்படுவது எப்போதும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி.

ஆறு வருடம். மோட்டார் ஓடவில்லை என்றால் நான், லிஃப்ட் நின்றால் நான், நாய் குரைத்தால் நான். இரவு பதினொரு மணிக்குப் போன் வந்தால் வீட்டில் யாரும் “யாரு?” என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். என் அம்மா மருத்துவமனையில் படுத்திருந்த ஒரு மத்தியானம், கார் நிறுத்துமிடத் தகராறு என்று அழைப்பு. கட்டில் பக்கத்திலேயே நின்று, யார் வண்டி எந்தத் தூணுக்கு எந்தப் பக்கம் என்று பத்து நிமிடம் பஞ்சாயத்து செய்தேன். வைத்ததும் அம்மா கேட்டார்.

“யாருடா?”

“சங்கம்மா.”

“பாவம், அவங்களுக்கு வேற யாருமே இல்லையா?”

அடுத்த பொதுக்குழுவில் விலகிவிட்டேன். சம்ப் சாவி எங்கே, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, தொட்டி கழுவுபவரின் எண் என்ன, எல்லாம் என் தலைக்குள்தான் இருந்தன. எழுதி வைத்ததே இல்லை. மூன்று மாதம் திண்டாடினார்கள். பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் பிறகு என்னை உறுத்தியது. நான் இல்லாமல் நடக்காது என்ற எண்ணத்தை ஆறு வருடம் நானே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன். யாராவது உதவிக்கு வந்தபோதும், “விடுங்க, உங்களுக்குத் தெரியாது, நானே பாத்துக்கறேன்” என்றுதான் அனுப்பியிருக்கிறேன்.

இப்போது இருப்பவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பெயர், இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் இல்லை. கடைசி ஒரு மாதம் பழையவரும் புதியவரும் சேர்ந்தே செய்ய வேண்டும்.

வாடகைக்காரி:

நான் சங்க உறுப்பினரே இல்லை. உரிமையாளர்களுக்குத்தான் ஓட்டு என்று எங்கள் துணை விதி. குடிவந்து எட்டு மாதம் வரை நான் “சி பிளாக் நாலு”தான், பெயரெல்லாம் கிடையாது. ஒரு அக்கா கதவைத் தட்டி, “உங்க மாடித் தண்ணி மீட்டரை மாசம் ஒருதரம் பாத்து எழுதித் தர்றியாம்மா? எனக்கு முட்டிவலி, ஏற முடியல” என்றார். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆறு வீட்டு மீட்டரையும் பார்ப்பதால் ஆறு வீட்டுக் கதவும் திறந்தன. ஒரு மாதம் ஒரு வீட்டு அளவு மட்டும் இரண்டு மடங்கு ஏறியிருந்தது. கழிவறைத் தொட்டியில் கசிவு. சொன்னபோது அந்த வீட்டுக்காரர் முதன்முதலாக என் பெயரைக் கேட்டார்.

ஓட்டு இன்னும் இல்லை. அதைப் பற்றி வேறொரு நாள் சண்டை போடுகிறேன்.

மாடிப்படி:

முன்னாள் தலைவர் எழுதியதைப் படித்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்ட நோட்டு ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. நேற்று அவர் வீட்டுக்குப் போனேன்.

“சார், விளக்குக் கணக்குக்குக் கூட இன்னொருத்தரைச் சேர்த்துக்கலாமா?”

“எதுக்கு? நான் செத்துப்போயிடுவேன்னு பாக்கறீங்களா?”

என்ன சொல்லியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கெடுத்துவிட்டோம் என்றுதான் திரும்பி வந்தேன். இன்றைக்குச் சாயங்காலம் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன் வந்து அழைப்புமணியை அடித்தான். அவனோடு நான் இதுவரை பேசியது கூட இல்லை.

“அங்கிள், ஒரு நோட்டு வேணுமாம். கட்டம் போட்டது. அவர் வாங்கிட்டு வரச் சொன்னாரு.”