பழைய கம்ப்யூட்டரில் வேறு வேறு ஃப்ளாப்பி ட்ரைவ்: போட்டுப் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கானாடுகாத்தான்காரர்:

வளவில் பூட்டிக் கிடந்த அறையில் அப்பச்சியின் எக்ஸ்டி (ஐபிஎம்மின் எண்பதுகளின் மாடல்) கம்ப்யூட்டர் இருக்கிறது. ஐந்தேகால் இஞ்ச் ஃப்ளாப்பி போடும் 360 கேபி ட்ரைவ் இரண்டு, ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஊர்க் கோயிலின் புள்ளிக் கணக்கை (கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி) எண்பதுகளின் கடைசியில் டிபேஸ் என்ற தகவல் பதிவு சாஃப்ட்வேரில் ஏற்றியது அதில்தான். எழுதி வைத்த நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. கோயிலில் பழைய விவரம் கேட்கவும், ஃப்ளாப்பிப் பெட்டியைத் திறந்தேன்.

சில ஃப்ளாப்பிகள் கேள்வி கேட்காமல் படித்தன. சில மட்டும் படுத்தி எடுத்தன. டிர் (ஃபைல் பட்டியல் கேட்கும் டாஸ் கட்டளை) அடித்தால் ஒரு தடவை பட்டியல் வரும், அடுத்த தடவை ‘அபார்ட், ரீட்ரை, ஃபெயில்’ என்று நிற்கும். தட்டில் கீறலோ பூஞ்சையோ இல்லை. அப்பச்சியிடம் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. ஃபார்மட் செய்து முதலில் ஏற்றியது வீட்டில். பிறகு வந்த கல்யாணப் புள்ளிகளையெல்லாம் மதுரையில் சொந்தக்காரர் கடையில் இருந்த, எக்ஸ்டிக்கு அடுத்து வந்த ஏடி கம்ப்யூட்டரில் சேர்த்திருக்கிறார். “அங்கே ஏசி இருந்துச்சுப்பா” என்றார்.

அங்கேதான் சிக்கல். 360 கேபி ட்ரைவ் ஒரு பக்கத்துக்கு 40 ட்ராக் (தட்டில் வட்டமாகப் பதியும் தடம்) எழுதும். 1984-இல் ஐபிஎம் ஏடியோடு வந்த 1.2 எம்பி ட்ரைவ் அதே அகலத்தில் 80 ட்ராக் எழுதும். அதனால் அதன் ஹெட் (படித்து எழுதும் முனை) ஒல்லி. 360 கேபி ஃப்ளாப்பியை அதில் போட்டால் ஒன்றுவிட்டு ஒன்று தாண்டி, பழைய அகலமான ட்ராக்கின் மேல் மெல்லிய கோடாகத்தான் எழுதும். ஓரத்தில் பழைய எழுத்து அழியாமல் மிச்சம் இருக்கும். திரும்ப எக்ஸ்டியில் போட்டால் அகல ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். ஒல்லி ஹெட்டுக்கு அந்தத் தொந்தரவு இல்லை, நடுக்கோட்டை மட்டும் படிக்கும்.

அதாவது ஃப்ளாப்பி கெடவில்லை, படிக்கிற ட்ரைவ்தான் மாறவேண்டும். சரி, 1.2 ட்ரைவை எக்ஸ்டியிலேயே மாட்டலாம் என்றால், எக்ஸ்டியின் கன்ட்ரோலர் (ட்ரைவை இயக்கும் அட்டை) நொடிக்கு 250 கிலோபிட் வேகத்துக்கு மேல் போகாது. 1.2 ட்ரைவ் நிமிடத்துக்கு 360 சுற்று. அதில் பழைய ஃப்ளாப்பியைப் படிக்கவே 300 கிலோபிட் வேண்டும். காரைக்குடி நண்பர் ஒருவரிடம் டீயாக் கம்பெனியின் 1.2 ட்ரைவ் போட்ட 486 (ஏடிக்குப் பிந்தைய கம்ப்யூட்டர்) இருந்தது. ஃப்ளாப்பியின் ஓரவெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, எழுத முடியாதபடி செய்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். டிர் ஒரே மூச்சில் வந்தது. அதே 486-இன் பி ட்ரைவில் மூன்றரை இஞ்ச் 1.44 எம்பி ஃப்ளாப்பி போட்டு நகல் எடுத்தேன். அதை யூஎஸ்பி ஃப்ளாப்பி ட்ரைவ் வழியாக லேப்டாப்பில் ஏற்றிவிட்டோம். (யூஎஸ்பி ட்ரைவ் மூன்றரை இஞ்சுக்குத்தான். ஐந்தேகால் இஞ்சுக்கு அதை நம்பி யாரும் பணத்தை விடாதீர்கள்.)

இருவேறு கம்ப்யூட்டரில் புழங்கிய ஃப்ளாப்பி வைத்திருப்பவர்கள் 360, 1.2 இரண்டு ட்ரைவையும் வைத்துக்கொள்வதே நல்லது. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

தேவகோட்டைக்காரர்:

எனக்கு வேறு மாதிரி. எக்ஸ்டியில் மூன்றரை இஞ்ச் ட்ரைவ் வேண்டும் என்று 1.44 ட்ரைவை மாட்டினேன். எக்ஸ்டி கேபிளில் அட்டை விளிம்பில் செருகுகிற கனெக்டர், இந்த ட்ரைவில் ஊசி ஊசியாக நிற்கும் பின்களின் வரிசை. அதற்கு ஓர் அடாப்டர், பவருக்கு ஓர் அடாப்டர். டாஸ் 3.2-இலிருந்து 720 கேபி உண்டு. கான்ஃபிக் ஃபைலில் (டாஸ் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு) டிரைவர்.சிஸ் வரியைப் போட்டு, எஃப் என்ற இடத்தில் 2 கொடுத்தேன். புது எழுத்தில் ஒரு ட்ரைவ் வந்துவிட்டது. 1.44 வராது, 720 தான். எனக்கு அது போதும்.

720 ஃப்ளாப்பி இப்போது எங்கே கிடைக்கிறது? 1.44 ஃப்ளாப்பியின் கூடுதல் ஓட்டையை டேப்பால் மூடி ஃபார்மட் செய்கிறேன். எடுத்துப்போக வைத்துக்கொள்ளலாம். ஆனால் காந்தப் பூச்சு வேறு என்பதால் நாள்பட நம்ப மாட்டேன். ஐந்தேகால் இஞ்சில் இந்த வேலை சுத்தமாக ஆகாது, 1.2 எம்பி ஃப்ளாப்பியின் பூச்சுக்கு 360 ட்ரைவின் எழுத்து பத்தாது.

காரைக்குடிக்காரர்:

தம்பி, அப்பச்சி ட்ரைவைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். ஒருகாலத்தில் சர்வீஸ் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

பெல்ட் போட்ட பழைய ட்ரைவ் என்றால் திருப்பிப் பாருங்கள். சக்கரத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட வட்டங்கள் இரண்டு இருக்கும், ஒன்று 50, ஒன்று 60. நம் ஊர் கரண்டுக்கு 50. சோக் போட்ட பழைய டியூப் லைட்டுக்குக் கீழே ஓடவிட்டால், 300 சுற்று சரியாக இருக்கும்போது 50 வட்டத்தின் கோடுகள் அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். முன்னால் நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னால் நகர்ந்தால் குறைவு. மோட்டார் போர்டில் உள்ள சின்னத் திருகை மெல்லத் திருப்பி நிறுத்தலாம். எல்இடி விளக்கை நம்பாதீர்கள், இது சரியாகத் தெரியாது. உங்கள் வளவில் பழைய டியூப் லைட் ஒன்றாவது மிச்சம் இருக்கும்.

ட்ரைவ் மாற்றும்போது கேபிளையும் பாருங்கள். நடுவில் ஏழு கம்பி முறுக்கியிருக்கும். முறுக்குக்குப் பின்னால் மாட்டியது ஏ, முன்னால் மாட்டியது பி. கேபிள் கடைசியில் இருக்கிற ட்ரைவில் மட்டும் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் (கேபிள் முடிவில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது) இருக்கட்டும். ட்ரைவ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருப்பீர்கள்.

அப்புறம் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வெள்ளையாகப் பூத்த ஃப்ளாப்பி ஒன்றை உள்ளே விட்டால், ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வருகிற நல்லதையும் கீறிவிடும். சந்தேகம் வந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

கானாடுகாத்தான்காரர்:

நன்றி அண்ணே. ஏ ட்ரைவ் பெல்ட் போட்டதுதான், இரண்டு வட்டமும் இருக்கிறது. பட்டாலை டியூப் லைட்டில் பார்த்தேன், 50 வட்டம் மெல்லப் பின்னால் போகிறது. பெல்ட்டும் தளர்ந்த மாதிரி இருக்கிறது. புது பெல்ட் போட்ட பிறகு திருகைத் தொடுவதா, இப்போதே திருப்பிப் பார்ப்பதா?

காரைக்குடிக்காரர்:

பெல்ட் முதலில். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் செத்த ட்ரைவ் கிடைத்தால் விடாதீர்கள், பெல்ட்டைக் கழற்றிக்கொள்ளலாம்.