சேலம் குகைப் பகுதி வீட்டுக் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

சித்தப்பா: அம்மா நினைவாகக் கோயில் வாசலில் போடும் கல் பெஞ்சுக்கு வாசகம் தயார். தமிழ் மேலே, இங்கிலீஷ் கீழே. 'ஷி வாஸ் டிவோட்டட் டு ஃபீட் தி ஹங்ரி'. இன்று சாயங்காலம் வெட்ட ஆரம்பிக்கிறார்கள்.

ஏற்காடு அத்தை: சரி தம்பி 🙏

பெரியப்பா: நிறுத்தச் சொல். 'டு ஃபீட்' தப்பு. 'டு ஃபீடிங்' என்றுதான் வரும்.

கண்ணன்: 'டு'வுக்கு அப்புறம் 'இங்' வராதே பெரியப்பா? 'வான்ட் டு ஈட்'தானே.

பெரியப்பா: இந்த 'டு' வேறு, கண்ணா. ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார். 'டிவோட்டட் டு ஹர் சில்ட்ரன்' நிற்கிறது. 'வான்ட் டு ஹர் சில்ட்ரன்' நிற்காது. பெயர்ச்சொல் உட்காரும் இடத்தில் வினைச்சொல் வந்தால் அதுவும் பெயராக மாறித்தான் உட்காரும். 'ஊட்டு' என்பது 'ஊட்டுதல்' ஆகிற மாதிரி. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று நீ போன வாரம் எழுதினாயே, அதுவும் இதே தப்பு. 'மீட்டிங் யூ'.

கண்ணன்: அய்யோ, அதை ஆபீசுக்கே அனுப்பிவிட்டேன்.

ஏற்காடு அத்தை: ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்கு எல்லாரும் வருகிறீர்களா? நான் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். முன்கூட்டியே சொல்லுங்கள்.

சித்தப்பா: மூன்று எழுத்து கூடுகிறது அண்ணா. எழுத்துக் கணக்கில்தான் கூலி.

பெரியப்பா: நான் தருகிறேன்.

சித்தப்பா: காசுக்காகச் சொல்லவில்லை. வரி மடங்குகிறது.

ஏற்காடு அத்தை: மடங்கட்டும். கருமாதிப் பத்திரிகையில் என் பெயரே விட்டுப்போன மாதிரி ஆகாமல் இருந்தால் சரி.

சித்தப்பா: அக்கா, அது அச்சகத்துத் தப்பு. எத்தனை தடவை சொல்வது?

கண்ணன்: 'டிவோட்டி டு மாரியம்மன்' என்றால் சின்னதாக முடியும்.

பெரியப்பா: 'டிவோட்டி' என்றால் 'ஆஃப்' போட வேண்டும். 'டிவோட்டட்' என்றால்தான் 'டு'. ஆனால் சாமி கும்பிட்டதை மட்டும் எழுதினால் அம்மாவைப் பாதிதான் சொன்ன மாதிரி. ஆடி ஞாயிறு கூழ் ஊற்றும்போது தீர்ந்துபோச்சு என்று ஒருத்தரையும் திருப்பி அனுப்பியதில்லை. அண்டா காலியானாலும் மோரை ஊற்றி, அடியில் ஒட்டியதைக் கையாலேயே வழித்துக் கரைத்து, கடைசி ஆளுக்கும் ஒரு சொம்பு கொடுப்பாள். அதைக் கல்லில் தப்பாக வெட்டி வைக்கக் கூடாது.

சித்தி: வெங்காயம் உரித்தது நான்தான். 'கண் எரியுது பாரு, போய் முதல்ல நீ குடி' என்பார்கள்.

ஏற்காடு அத்தை: 😢

சித்தப்பா: பட்டறையில் போனை எடுக்கவில்லை. நேரில் போகிறேன்.

பெரியப்பா: சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போ. ஃபீடிங், 'இ' இரண்டு.

ஏற்காடு அத்தை: தமிழ் வாசகத்தையும் அனுப்பு. அதை இன்னும் யாருமே பார்க்கவில்லை.

சித்தி: இந்த வருஷம் கூழுக்குக் கம்பா, கேழ்வரகா? மில்லுக்குக் கொடுக்க வேண்டும்.