சாம்பல்தீவுப் பட்டறைக்கு டீசல் வெல்டிங் பிளான்ட்: எங்கே வைப்பது, எப்படி ஓட்டுவது?

சாம்பல்தீவுப் பட்டறை எழுதியது:

வணக்கம். திருகோணமலை, சாம்பல்தீவில் வீட்டு வளவுக்குள் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், ட்ரக்டர் பெட்டி வேலைகள் வரும். இடைக்கிடை படகு வேலையும் வரும். இதுவரை கரண்டில் ஓடும் இன்வேர்ட்டர் பிளான்ட்தான் பாவித்தேன். கொட்பே துறைமுகத்தில் நிற்கும் பலநாள் படகுகளுக்கு (நாட்கணக்கில் கடலில் நின்று மீன்பிடிப்பவை) வேலை கேட்டு வருபவர்களிடம், "அங்கே கரண்ட் எடுக்க வழி இருந்தால் வருகிறேன்" என்று சொல்லிச் சொல்லியே நாலைந்து வேலைகள் கைநழுவிப் போய்விட்டன. அதனால் போன மாதம் ஜப்பானில் இருந்து வந்த பழைய டீசல் வெல்டிங் பிளான்ட் ஒன்றை, அதாவது தன் எஞ்சினாலேயே கரண்ட் எடுத்து ஒட்டும் மெஷினை, வாங்கினேன். 300 அம்பியர், டீசி. தண்ணீர் ரேடியேட்டர் உள்ள எஞ்சின். கையேடு இல்லை. எப்படியும் 400 கிலோவுக்கு மேல் இருக்கும், பலகை போட்டுச் சறுக்கி ஆறு பேர் சேர்ந்துதான் இறக்கினோம்.

மூன்று விஷயம் கேட்க வேண்டும்.

வாடைக் காற்று தொடங்கப் போகிறது. என் கொட்டில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கடல் பக்கமும் வடக்குப் பக்கமும் தகரம் அடைத்திருக்கிறேன், மற்ற இரண்டு பக்கமும் மழைக்குப் படங்கு இறக்குவேன். மெஷினைக் கொட்டிலுக்குள் ஒரு மூலையில் வைத்து, புகைக் குழாயை மட்டும் தகரத்தில் ஓட்டை போட்டு வெளியே விட்டால் போதுமா? வெளியே வைத்தால் உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும் என்று அப்பா சொல்கிறார்.

கொட்பேக்குக் கொண்டு போக ட்ரக்டர் பெட்டியில் நிரந்தரமாகப் பூட்டலாமா? அப்படிப் பூட்டினால் நிலத்தில் எர்த் கம்பி அடிக்க வேண்டுமா?

கரண்ட் போகும் நேரம் வீட்டுக்கும் லைட் கொடுக்கலாமா? 2022 இல் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களை என் மனைவி இன்னும் மறக்கவில்லை, முதலில் அதைத்தான் கேட்டார்.

தெரிந்த அண்ணாமார் சொல்லுங்கள்.

கிண்ணியா ட்ரக்டர் எழுதியது:

தம்பி, பெட்டியில் தாராளமாகப் பூட்டலாம். நான் எட்டு வருஷமாக அப்படித்தான் கிண்ணியா, மூதூர், தோப்பூர் எல்லாம் கொண்டு திரிகிறேன். பெட்டியின் பலகையில் பூட்ட வேண்டாம், பலகைக்குக் கீழே இருக்கும் சட்ட இரும்போடு சேர்த்து நாலு போல்ட் போடுங்கள். அதிர்வுக்கு ரப்பர் வைத்தால் நல்லது. ரப்பரோ மரமோ நடுவில் வந்துவிட்டால் மெஷினின் உடம்புக்கும் பெட்டி இரும்புக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதற்காக இரண்டையும் ஒரு தடித்த செம்பு வயரால் இணைத்து விடுங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

பாரம் அச்சுக்கு மேலே வரட்டும், ஓரத்தில் வைத்தால் திருப்பத்தில் பெட்டி சாயும். வேலை இடத்தில் பெட்டி மட்டமாக நிற்க வேண்டும். சரிவில் நின்றால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். எண்ணெய்க் கம்பியைப் பார்ப்பதும் மட்டமாக நிற்கும்போதுதான். சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

இன்னொன்று, பெட்டியில் வைத்த கானுக்குள் டீசல் ஊற்ற வேண்டாம். கானைத் தரையில் இறக்கி வைத்து நிரப்பி, பிறகு ஏற்றுங்கள்.

உட்துறைமுக வெல்டர் எழுதியது:

தம்பி, உங்கள் முதல் கேள்வியை வாசித்ததும் மற்ற வேலையை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். கொட்டிலுக்குள் வைக்க வேண்டாம். குழாயை வெளியே விட்டாலும் வேண்டாம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து 31 வருஷம். ஒரு மார்கழி மாதம், கட்டி முடியாத ஒரு மாடிக் கட்டடத்தில் படிக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை. மழை விடவில்லை. மெஷினை மாடிப்படிக்குக் கீழே இழுத்து வைத்து, சாரல் படாமல் முன்னால் படங்கு கட்டினோம். எனக்கு உதவிக்கு வந்த பையனுக்கு 19 வயது, குளிருக்கு இதமாக இருக்கிறது என்று மெஷினுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தான். ஒரு மணி நேரத்தில் தலையிடி என்றான், பிறகு சத்தி எடுத்தான். மதியம் சாப்பிட்ட சோற்றுப் பார்சல்தான் என்று நினைத்து, கொஞ்சம் படு என்று நானே சொன்னேன். அந்த இடத்திலேயே படுத்தான். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டபோது எழும்பவில்லை. தூக்கப் போன எனக்கும் முழங்கால் மடிந்தது. எப்படியோ மழைக்குள் இழுத்துக் கொண்டு போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்துப் பிழைத்தான். இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அன்று "படு" என்று சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

அது காபனோரொட்சைட்டு, எஞ்சின் புகையில் வரும் நச்சு வாயு. நிறமில்லை, மணமில்லை. டீசல் புகையில் பெற்றோல் எஞ்சினை விடக் குறைவுதான், அதை நம்பித்தான் ஆட்கள் உள்ளே வைக்கிறார்கள். அடைத்த இடத்தில் அந்தக் குறைவே போதும். இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்கும் இடத்தை அது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குழாயை நீட்டி வெளியே விட்டால் மூட்டுகளில் கசியும், நீளம் கூடினால் எஞ்சின் மூச்சு முட்டும், வெளியே போன புகையைக் காற்று திரும்ப உள்ளே தள்ளும். ஒருவருக்குத் தலையிடி, சத்தி என்றால் முதலில் திறந்த வெளிக்குக் கொண்டு போங்கள், பிறகு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். உள்ளே போய் நின்று என்ன என்று விசாரிக்க வேண்டாம்.

சரி, எங்கே வைப்பது? உங்கள் வளவில் வாடைக்கு வடகிழக்கில் இருந்து காற்று வரும், அது கொட்டில் புகையை நேராக வீட்டு யன்னலுக்குத்தான் கொண்டு போகும். கச்சான் காற்று மேற்கில் இருந்து வரும், புகை கடல் பக்கம் போய்விடும். ஆகவே கச்சான் மாதத்தில் வைத்துப் பார்த்து "இந்த இடம் நல்லது" என்று முடிவெடுத்தால் மாரியில் மாட்டிக்கொள்வீர்கள். வளவின் தென்கிழக்கு மூலையில் வையுங்கள். இரண்டு காற்றுக்கும் புகை வீட்டைத் தொடாது. நாலு தூண் நட்டு மேலே தகரம் மட்டும் போடுங்கள், பக்கம் நாலும் திறந்தே இருக்கட்டும். கீழே ஒரு சாண் உயரத்துக்கு கொங்கிரீட் மேடை. சுற்றி ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடம் விடுங்கள், ரேடியேட்டர் காற்று வெளியே தள்ளும் பக்கம் இன்னும் கூட. கிடுகு வேலிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், சைலன்சர் சூட்டுக்கு அது பற்றும். அப்பா சொல்வதும் சரிதான், உப்புக் காற்று இதைத் தின்னும். அதற்கு வழி மெஷின் முழுதாக ஆறிய பிறகு படங்கு மூடுவதும், மாதம் ஒருமுறை வயர் முனைகளைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துச் சுரண்டி இறுக்குவதும்தான்.

மூலையில் வைத்தால் வயர் நீளும் என்று யோசிப்பீர்கள். நீளட்டும். ரொட் பிடிக்கும் ஹோல்டரின் வயரும் எர்த் வயரும் சேர்த்துத்தான் நீளத்தைக் கணக்கிட வேண்டும். இரண்டும் சேர்த்து 30 மீட்டர் என்றால், 200 அம்பியர் வரை 50 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். 60 மீட்டர் என்றால் 70 எடுங்கள். மெல்லிய வயர் வாங்கி, ரொட் ஒட்டவில்லை என்று அம்பியரைக் கூட்டிக்கொண்டே போனால் வயர்தான் வேகும்.

இனி இந்த எர்த் வயர், நீங்கள் கேட்ட நிலத்தில் அடிக்கும் கம்பி இல்லை. நாங்கள் எல்லாரும் எர்த் என்று சொல்லிப் பழகிவிட்டோம், பிழையே அந்தப் பெயரில் இருந்துதான் தொடங்குகிறது. அது பூமிக்குப் போகும் வயர் இல்லை. ரொட்டில் போன 100, 120 அம்பியரும் மெஷினுக்குத் திரும்பி வரும் வழி அது. நீங்கள் ஒட்டும் துண்டிலேயே, ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டி கிளாம்ப் போட வேண்டும். பலநாள் படகு பைபர், இரும்புக்கு இரும்பு தொடர்பு இருக்காது. ஒரு படகில் பின்பக்கச் சாஃப்ட் பிராக்கெட்டை ஒட்டுவதற்கு, வசதியாக இருக்கிறது என்று கிளாம்பை எஞ்சின் பவுண்டேஷனில் போட்டார்கள். கரண்ட் வேறு வழியில்லாமல் சாஃப்ட் வழியாகக் கியர் பெட்டிக்குள் புகுந்து பேரிங்கைப் பொறித்துவிட்டது. கடலுக்குப் போய் மூன்றாம் நாள்தான் சத்தம் கேட்டது. கரையிலிருந்து மூன்று நாள் ஓடிய தூரத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒட்டத் தொடங்குமுன் படகின் பற்றரி வயரைக் கழற்றுங்கள், கறுப்பை முதலில், பூட்டும்போது கறுப்பைக் கடைசியில். ஜிபிஎஸ், ரேடியோ செட் வயர்களையும் கழற்றச் சொல்லுங்கள்.

மெஷின் ஜெட்டியிலேயே நிற்கட்டும், வயர் மட்டும் படகுக்குப் போகட்டும். மீன் அறைக்குள் வெல்டிங் கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம். சுவருக்குள் இருக்கும் ஃபோம் பற்றினால் வரும் புகையில் ஒரு சில மூச்சுக்கு மேல் தாங்காது. வேறு இடத்தில் ஒட்டினாலும் மறுபக்கத்தில் ஒரு ஆள் தண்ணீர் வாளியோடு நிற்க வேண்டும், வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது அவர் அங்கேயே இருக்க வேண்டும்.

ஒட்டாமல் நிற்கும்போதும் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் இருக்கும். காய்ந்த கைக்கு அது பெரிதாகத் தெரியாது. வியர்வையும் கடல் தண்ணீரும் ஊறிய உடம்புக்கு அது போதும். ரொட் மாற்றும்போதும் காய்ந்த கையுறை, காலுக்குக் கீழ் காய்ந்த பலகை. வயரைத் தோளில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது, அதை உங்கள் பையன்களுக்குப் பழக்க வேண்டாம்.

ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. காலையில் எண்ணெய், தண்ணீர், பெல்ட். ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டுப் பிறகு வேலை. நிறுத்தும்போதும் அப்படித்தான். தேநீர் குடிக்கப் போனால் நிறுத்திவிட்டுப் போங்கள், பாரமில்லாமல் மணிக்கணக்கில் ஓடினால் எரியாத டீசல் சைலன்சரில் கரியும் எண்ணெயுமாகப் படியும். எஞ்சின் ஆறின பிறகுதான் டீசல் ஊற்ற வேண்டும், ரேடியேட்டர் மூடி திறக்க வேண்டும்.

பாலையூற்று வயரிங் எழுதியது:

வீட்டு லைட் விஷயம் நான் சொல்கிறேன். ஜப்பான் மெஷின் என்றால் முதலில் பிளக் பொயின்டை மீட்டரால் அளந்து பாருங்கள். அங்கே வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். உங்கள் மெஷினில் 100 வோல்ட் பொயின்டும் மூன்று பேஸ் 200 வோல்ட்டும் இருக்கக்கூடும். ஜப்பானில் கிழக்குப் பாதி 50 ஹேர்ட்ஸ், மேற்குப் பாதி 60 ஹேர்ட்ஸ். எங்களுக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அளக்காமல் பிரிட்ஜைக் கொழுவினால் பிரிட்ஜ் போய்விடும். 230 வோல்ட் கிரைண்டரை 100 இல் கொடுத்தால் பாதி உயிரில் சுற்றும். ட்ரான்ஸ்போமர் போட்டுக் கூட்டலாம், கிரைண்டர் வாட்ஸை விடப் பெரியதாக வாங்குங்கள்.

அளந்து எல்லாம் சரியாக இருந்தாலும், இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டுச் சொக்கட்டில் குத்த வேண்டாம். உங்கள் கரண்ட் மீட்டரைத் தாண்டி வீதிக்குப் போகும், ட்ரான்ஸ்போமரில் ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறும். கரண்ட் இல்லை என்று நம்பி மின்சார சபைப் பையன் தூணில் ஏறியிருப்பான். வீதிக் கரண்டையும் மெஷின் கரண்டையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று, எர்த் கம்பி ஒன்று, தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர். அது இல்லாமல் வேண்டாம்.

பெட்டியில் வைத்து ஓட்டும்போது, பூட்டின மெஷினில் இருந்தே கிரைண்டர் எடுத்தால் எர்த் கம்பி கட்டாயமில்லை, கிண்ணியா நானா சொன்ன செம்பு வயர் போதும். கரண்ட் லீக் ஆனால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் போடுவது நல்லது. ஆனால் மெஷினின் நியூட்ரல் உடம்போடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பு இல்லாவிட்டால், லீக் ஆன கிரைண்டர் உடம்பில் கரண்ட் நின்றாலும் ட்ரிப் விழாது. ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமத்தினால் மட்டும் ஒழுங்காக விழும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சாம்பல்தீவுப் பட்டறை எழுதியது:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. தென்கிழக்கு மூலையில் மேடை கட்டியாகிவிட்டது. மெஷின் வைக்கக் கொட்டிலில் அடித்த கயிற்று அடையாளத்தை அப்பாவே அவிழ்த்தார். பொயின்டை அளந்தேன், 100 வோல்ட்தான். மனைவிக்குச் சொல்லிவிட்டேன், வீட்டுக்கு ஒரு சின்ன சோலார் லைட் பார்க்கிறோம்.

இன்னும் ஒன்று. முதல் வேலையே ஒரு படகின் டீசல் தாங்கி. இரும்புத் தாங்கி, அடியில் ஊசித் துளை. கழற்றிக் கழுவித்தான் தருகிறார்களாம். ஒட்டலாமா அண்ணா? டீசல் பெற்றோல் மாதிரிச் சட்டென்று பற்றாது என்கிறார் படகுக்காரர்.

உட்துறைமுக வெல்டர் எழுதியது:

சாதாரண சூட்டில் பற்றாது, அது உண்மை. நீங்கள் அதில் வைக்கப்போவது ஆர்க், வெல்டிங் பொறி. கழுவின தாங்கியிலும் மடிப்புக்குள்ளும் துருவுக்குள்ளும் டீசல் ஒட்டியிருக்கும், சூடு பட்டதும் ஆவியாகும், மூடின தாங்கிக்குள் அந்த ஆவி வெடிக்கும். நிறைந்த தாங்கியை விட வெறும் தாங்கிதான் மோசம்.

ஊசித் துளை ஒன்று தெரிந்தால் பக்கத்தில் தகடு முழுக்க மெலிந்திருக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், நான் நினைப்பது சரியென்றால் இன்னும் நாலு துளை திறக்கும். புதுத் தகட்டில் புதுத் தாங்கி செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். கூலியும் கூட வரும். வேலை எடுத்தால் எழுதுங்கள், மூலையை எப்படி மடிப்பது என்று வந்து காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்கு வசதி.