பாம்புக்கு மைட்: ஒன்று 9 கிராம் குட்டி, மற்றது ஸ்பைடர் பைத்தான். எந்த மருந்து பாதுகாப்பு?

வடலி_ஸ்கார்பரோ:
வணக்கம். வீட்டில இரண்டு பாம்பு. ஒண்டு 1,400 கிராம் பால் (Ball) பைத்தான், ஸ்பைடர் எண்ட நிற வகை, அந்த வகைக்குப் பிறவியிலேயே வாற தலையாட்டம் கொஞ்சம் இருக்குது. மற்றது பொரிச்சு இரண்டு மாதமான கார்ன் ஸ்நேக் குட்டி, 9 கிராம். பைத்தான் தண்ணிக் கிண்ணத்தை விட்டு வெளியில வரமாட்டன் எண்டு படுத்திருக்குது. கிண்ணத்தின்ர அடியில ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள், மைட் எண்ட இரத்தம் குடிக்கிற சின்னப் பூச்சி எண்டு நினைக்கிறன். கண் ஓரத்திலயும் தாடைக்குக் கீழயும் இரண்டு மூண்டு ஊருது. குட்டியில ஒண்டும் தெரியேல்லை, ஆனா இரண்டு பெட்டியும் ஒரே தட்டில. பைத்தான்ர பெட்டி மரம், 120 x 60 x 60 செ.மீ., அடியில தென்னந்தும்புத் துண்டுகள்.
கடையில ஐவர்மெக்டின் எண்ட ஒட்டுண்ணி மருந்தைக் கரைச்சு அடிக்கச் சொல்லுகினம். ஒரு நண்பர் நாய்க்கு அடிக்கிற பெர்மெத்ரின் ஸ்பிரே எண்டுறார். அம்மா வேப்பெண்ணெய் எண்டுறா. வீட்டில பூனையும் இருக்குது. எதை நம்புறது?

புற்றடி:
இன்றைக்கு எந்த மருந்தும் அடிக்க வேண்டாம். பூனை இருக்கிற வீட்டில் நாய் ஸ்பிரேயைத் திறக்கவே வேண்டாம். பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்றும் வல்லமை பூனையின் ஈரலுக்குப் போதாது. மருந்தடித்த பெட்டியில் உரசிவிட்டு உடம்பை நக்கினாலே வலிப்பு வரலாம்.

முதலில் அது பாம்பு மைட்தானா என்று பாருங்கள். தென்னந்தும்பில் தானாக வரும் மைட்களும் உண்டு. அவை வெளிறிய நிறம், மெதுவாக ஊரும், ஈரமான தும்பில் கூட்டமாக நிற்கும், இரத்தம் குடிக்காது. வெள்ளைப் பேப்பர் டவலை நனைத்துப் பாம்பைக் கழுத்திலிருந்து வால்வரை ஒருமுறை துடைத்து, ஒட்டியதை நகத்தால் நசுக்குங்கள். சிவப்பாகத் தீற்றினால் ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ், அதாவது பாம்பு மைட். செதில்மேல் வெள்ளைத் தூசி போல ஏதும் இருந்தால் அது மைட்டின் கழிவு.

குட்டியின் பெட்டியை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். இனி எப்போதும் குட்டியின் வேலை முதலில், பைத்தானின் வேலை பிறகு. பைத்தானைத் தொட்ட சட்டையோடு குட்டியிடம் போகக்கூடாது.

வடலி_ஸ்கார்பரோ:
நசுக்கினால் சிவப்புத்தான். குட்டியைத் துடைச்ச டவலில ஒண்டும் இல்லை. பெட்டியை மாத்தியாச்சு.

புற்றடி:
நல்லது. இனி நடக்கப்போவது பெட்டியோடு சண்டை. பாம்பில் கண்ணுக்குத் தெரிவது ஒரு சிறு பங்குதான். இரத்தம் குடித்த பெண் மைட் பாம்பை விட்டு இறங்கி, இருட்டான ஈரமான இடுக்கில் முட்டையிடும். ஒரு பெண் 60 முதல் 80 முட்டை வரை இடும். முட்டைகள் ஒன்று முதல் நாலு நாளுக்குள் பொரிக்கும். சூடான பெட்டியில் முட்டையிலிருந்து வளர்ந்த மைட் ஆவதற்கு இரண்டு, மூன்று கிழமை போதும். ஆண் மைட் இல்லாவிட்டாலும் பெண் முட்டையிடும். அதிலிருந்து ஆண்கள் பொரிக்கும். ஆகவே ஒன்று தப்பினாலும் மறுபடி தொடங்கும்.

பைத்தானை மரப்பெட்டியிலிருந்து எடுத்து மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றுங்கள். பக்கங்களில் சிறு துளைகள், அடியில் வெள்ளைப் பேப்பர் டவல், ஒரு தண்ணிக் கிண்ணம், பாம்பு ஒளிந்துகொள்ள இரண்டு ஒளிவிடம், அவ்வளவுதான். வெப்ப விரிப்பை தெர்மோஸ்டாட்டோடு போட்டு சூடான பக்கம் 31, மற்றப் பக்கம் 26 பாகையில் வையுங்கள். சென்சரைத் தொட்டிக்கும் விரிப்புக்கும் நடுவில் ஒட்டுங்கள். காற்றில் தொங்கவிட்டால் தெர்மோஸ்டாட் ஏமாந்து விரிப்பைச் சூடாக்கிக்கொண்டே போகும், பாம்பின் வயிறு வெந்துவிடும்.

ஊரில் எறும்புக்குப் பயந்து சாப்பாட்டு அலுமாரிக் காலுக்குத் தண்ணிக் கிண்ணம் வைப்போமே, அதே மாதிரி தொட்டியை நாலு கட்டையில் ஏற்றி ஒவ்வொரு கட்டையையும் சவர்க்காரத் தண்ணித் தட்டில் நிற்க வையுங்கள். சுவரில் முட்டக்கூடாது. விரிப்பின் வயர் தட்டில் நனையாமல், அதே நேரம் நிலத்துக்குப் பாலம் போடாமல், மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள்.

பேப்பரைத் தினமும் மாற்றுங்கள். இங்கேதான் பலர் தோற்பது: உலர்ந்த காற்று மைட் முட்டையைக் கொல்லும், ஆனால் பால் பைத்தான் தோல் கழற்ற ஈரம் வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் கனடா வீடுகளில் ஈரப்பதம் மிகவும் விழுந்துவிடும். ஆகவே ஒரு ஒளிவிடத்தில் மட்டும் நனைத்துப் பிழிந்த டவல் வையுங்கள். பெண் மைட் முட்டையிடத் தேடி வருவதும் அந்த இடத்துக்குத்தான். அந்த டவலை நாளுக்கு ஒருமுறை எடுத்து, பையில் கட்டி, குப்பையில் போட்டால் முட்டையும் சேர்ந்து போகும். ஈரத்தைப் பொறியாக்குவது இதுதான்.

குளிப்பாட்டல்: 28 முதல் 30 பாகைத் தண்ணீர், பாம்பின் உடல் தடிப்பில் பாதி உயரம், 20 முதல் 30 நிமிடம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். தினமும் ஊறவிட்டால் வயிற்றுச் செதில் புண்ணாகும். சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள் குளிப்பாட்டினால் கக்கிவிடலாம். சவர்க்காரம் சேர்க்க வேண்டாம், அதைத்தான் குடிக்கும். மைட்கள் மூழ்காமல் தலைக்கு ஏறும், ஆகவே குளித்து முடிந்ததும் ஈரமான பஞ்சுக்குச்சியால் கண் விளிம்பு, தாடைக்கீழ் மடிப்பு, உதட்டுக் குழிகள் எல்லாம் துடையுங்கள். கண்ணில் அழுத்தக்கூடாது. கழிவுத் துவாரத்தின் ஓரத்தையும் மறக்க வேண்டாம்.

செதில்:
மரப்பெட்டி பற்றி ஒன்று சேர்க்கிறேன். அதைக் காலியாக விட்டால் தானாகச் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். இரத்தம் தேடும் பருவத்து மைட், உணவில்லாமல் ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும். தும்பை அங்கேயே பையில் கட்டி வெளிக் குப்பைக்கு அனுப்புங்கள். வாக்யூமின் குறுகிய முனையை மூலைகள், ஸ்க்ரூ துளைகள், கண்ணாடிக் கதவு ஓடும் தண்டவாளம் எல்லாவற்றிலும் ஓட்டி, பையை அன்றே வெளியே போடுங்கள். பிறகு நீராவிக் கருவியை ஒவ்வொரு இணைப்பிலும் மெதுவாக நகர்த்துங்கள். 50 பாகைக்கு மேல் மைட் தாங்காது, ஆனால் வேகமாக இழுத்தால் இடுக்கின் உள்ளே அந்தச் சூடு ஏறாது. காய்ந்ததும் இடுக்குகளை மீன்தொட்டி சிலிக்கோனால் அடைத்து, புளித்த வாடை முழுதாகப் போகும்வரை திறந்து வையுங்கள்.

மரக்கிளை, மரப்பட்டை எல்லாம் ஃப்ரீசரில், மைனஸ் 18-இல் மூன்று நாள். டொரோண்டோ குளிரில் பால்கனியில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். வெயில் பட்டால் தடித்த கட்டையின் உள்ளே எத்தனை பாகை என்று நமக்குத் தெரியாது. ஃப்ரீசர்தான் உறுதி. மலிவான பொருளென்றால் தூக்கிப் போடுவதே நல்லது.

நாகலிங்கப்பூ:
மருந்துக் கேள்விக்கு வருகிறேன். ஐவர்மெக்டின் கெட்ட மருந்து அல்ல, ஊர்வன வைத்தியர்கள் கொடுப்பதுதான். ஆபத்து அளவில் இருக்கிறது. பாம்புக்கு வழக்கமாகச் சொல்லும் ஊசி அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். மாட்டுக்குப் போடும் 1 சதவீத மருந்தில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். கணக்குப் போடுங்கள்: 1,400 கிராம் பைத்தானுக்கு 0.028 மில்லிலிட்டர். 9 கிராம் குட்டிக்கு 0.00018 மில்லிலிட்டர். வீட்டு ஊசியில் அதை அளக்கவே முடியாது. ஒரு துளி சிந்தினாலே நூறு மடங்குக்கு மேல். அது தண்ணீரில் சரியாகக் கரையவும் கரையாது. ஸ்பிரே போத்தலில் அடியில் தங்கி, கடைசி விசிறலில் மொத்தமாக வரும். ஆமைகளுக்கு அது உயிர்க்கொல்லி. இண்டிகோ பாம்புக்கும் கொடுக்கக்கூடாது என்றே எச்சரிப்பார்கள். பால் பைத்தானிலும் நரம்புக் கோளாறு வந்ததுண்டு.

பெர்மெத்ரின் வகை நரம்பிலுள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். உடல் குளிர்ந்திருந்தால் நஞ்சு இன்னும் கூடும். எடைக்கு ஒப்பிட்டால் குட்டிக்குத் தோல் பரப்பு அதிகம், ஆகவே அதன் உடம்பில் அதிகமாக இறங்கும். மூடிய தொட்டியில் ஆவியையும் மூச்சோடு இழுக்கும்.

ஸ்பைடருக்கு இன்னொரு சிக்கல்: நஞ்சேறிய பாம்பும் தலையை முறுக்கும், நடுங்கும். உங்கள் பைத்தான் ஏற்கெனவே தலையாட்டுவதால் தொடக்க அறிகுறி மறைந்துபோகும். ஆகவே இன்றே ஒரு நிமிட வீடியோ எடுங்கள்: சும்மா இருக்கும்போது, ஊரும்போது, மெதுவாக மல்லாத்தினால் திரும்பும்போது. வைத்தியரிடம் போனால் ஒப்பிட அது உதவும். அஃபோக்சோலனர் என்ற வாய்வழி மருந்தை இப்போது சில வைத்தியர்கள் பாம்பு மைட்டுக்குக் கொடுக்கிறார்கள். நாய்களில் அந்த வகைக்கு வலிப்பு எச்சரிக்கை இருப்பதால், ஸ்பைடர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வடலி_ஸ்கார்பரோ:
நன்றி. வேப்பெண்ணெய் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே? கற்பூரம் பெட்டிக்குள்ள வைக்கவும் ஒருத்தர் சொன்னவர்.

நாகலிங்கப்பூ:
கற்பூரம், பாச்சை உருண்டை இரண்டும் வேண்டவே வேண்டாம். ஆவியாகி நுரையீரலுக்குப் போகும், வலிப்பு வரவைக்கும் பொருட்கள் அவை. வேப்பெண்ணெயைப் பாம்பு முழுக்கப் பூசினால் தோல் கழற்றுவது கெடும், முகர்வும் கெடும், பெட்டியில் இருக்கும் முட்டைக்கோ ஒன்றும் ஆகாது. எண்ணெய்க்கு ஒரே ஒரு இடம் உண்டு: கண் விளிம்பில் துடைத்தும் வராமல் பதுங்கும் மைட்டுக்கு, மணமில்லாத மினரல் ஆயிலைப் பஞ்சுக்குச்சி நுனியில் தொட்டு மெல்லிய கோடாக. அது மூச்சடைத்துச் சாகும்.

யாராவது ஏற்கெனவே பூச்சிமருந்து அடித்துவிட்ட பாம்புக்கு மட்டும் எண்ணெய் தொடக்கூடாது. பெர்மெத்ரின் கொழுப்பில் கரைவது, எண்ணெய் அதை உள்ளே இழுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நல்ல காற்றில், வழக்கமான சூட்டில் வைத்து, உடனே வைத்தியர்.

செதில்:
மருந்தில்லாத இன்னொரு வழி, வேட்டை மைட். ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் சிமிட்டஸ், பழைய பெயர் ஹைப்போஆஸ்பிஸ் மைல்ஸ். பசுமைக்குடில்காரர்கள் மண்ணிலுள்ள பூச்சிக்குப் பாவிப்பது, கனடாவில் தபாலில் கிடைக்கும். பாம்பு மைட்டின் முட்டையையும் இளசுகளையும் தின்னும், பாம்பைத் தொடாது, பூனைக்கும் ஒன்றும் இல்லை. இரை தீர்ந்ததும் தானே செத்துப்போகும். எனக்கென்றால் குட்டி இருக்கிற வீட்டுக்கு இதுதான் முதல் தெரிவு.

புற்றடி:
இந்த வீட்டுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேட்டை மைட்டுக்கு ஈரமான மண்ணோ பாசியோ வேண்டும், உலர்ந்த பேப்பரில் காய்ந்து சாகும். பேப்பரைத் தினமும் எறிந்தால் காசு கொடுத்து வாங்கியதையும் சேர்த்தே எறிவோம். பெட்டியில் பூச்சிமருந்து மிச்சம் இருந்தாலும் அவை செத்துவிடும். இரத்தம் குடித்துப் பருத்த பெண்களைப் பிடிப்பதும் குறைவு. இரண்டு வழியையும் கலந்தால் இரண்டும் தோற்கும். இயற்கை மண், செடியோடு இருக்கிற பெட்டி, அதைக் காலி செய்ய முடியாது என்றால் நானும் அதையே சொல்வேன்.

செதில்:
பைத்தானுக்குச் சரி. ஆனால் குட்டியின் பெட்டியில் இன்னும் தும்பு இருந்தால் தடுப்புக்குப் போடலாம். ஒரு மூலையில் ஈரப் பாசிமேல் தூவி, இரண்டு மூன்று கிழமையில் மறுபடி. குளிர்காலத்தில் வரவழைத்தால் ஹீட் பேக்கோடு அனுப்பச் சொல்லுங்கள், தபால் பெட்டியில் உறைந்துவிட்டால் வெறும் மண்தான் வந்து சேரும்.

புற்றடி:
அதற்கு மறுப்பில்லை. குட்டியில் ஒரு மைட் கண்டால் மட்டும் அதையும் பேப்பருக்கு மாற்றுங்கள். குட்டிக்குக் குளிப்பாட்டல் ஒரு செ.மீ.க்குக் குறைந்த தண்ணீரில் 10, 15 நிமிடம். அதைவிட நல்லது, நனைத்த டவல்கள் நிறைந்த சிறு டப்பாவில் ஊரவிடுவது. ஊர்ந்து ஊர்ந்து தானே துடைத்துக்கொள்ளும். கிழமைக்கு ஒருமுறை கிராம் தராசில் நிறுங்கள். வாயின் உட்புறம் வெளிறினாலோ எடை இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம், அந்த அளவுக் குட்டிக்கு இரத்தசோகை சீக்கிரம் வரும்.

வடலி_ஸ்கார்பரோ:
விளங்குது அண்ணை. மரப்பெட்டிக்குத் திரும்ப எப்ப விடலாம்? கையில சின்னச் சிவப்புத் தடிப்பும் வந்திருக்கு, அதுவும் மைட்டோ?

புற்றடி:
இருக்கலாம். பாம்பு மைட் மனிதரையும் கடித்துத் தடிப்பு உண்டாக்கும், ஆனால் நம்மில் குடியேறாது. சட்டையைச் சூடான தண்ணீரில் தோய்த்து ட்ரையரில் போடுங்கள். தடிப்பு பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

திரும்ப விடுவதற்கு நாள்கணக்கு, கடைசி மைட்டைக் கண்ட நாளிலிருந்து ஆறு கிழமை. மைட்டின் இரண்டு தலைமுறைக்கு அது போதும். தொட்டி விளிம்பில் இருபக்க ஒட்டுநாடா ஒட்டி, வெள்ளைக் கிண்ணத்தின் அடியைத் தினமும் பாருங்கள். இடையில் ஒன்று கண்டாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. நடுவில் தோல் கழற்றினால் அந்தத் தோலைத் தொட்டியில் விடாமல் எடுத்து, கண்ணை மூடியிருந்த தோலையும் தலைத் தோலையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பவை அங்கேதான் ஒட்டியிருக்கும். மூன்றாம் கிழமையிலும் புதிதாகத் தெரிந்தால் வைத்தியரிடம் போகும் நேரம். அப்போது அந்த வீடியோவையும் எடைக் குறிப்பையும், ஒட்டுநாடாவில் பிடித்த மைட்டையும் கொண்டுபோங்கள்.