நாஸ்கார் பந்தயத்தில் ரசிகர்களை ஈர்ப்பது எது?

கேள்வி: ஃபார்முலா 1 பந்தயங்களைத் தொடர்ந்து பார்ப்பவன் நான். அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத் தொடரைச் சேர்ந்த டேட்டோனா 500 பந்தயத்தில் ஒரே பாதையை 200 முறை சுற்றுவதை அமெரிக்க ரசிகர்கள் மணிக்கணக்கில் அமர்ந்து ரசிப்பதன் காரணத்தை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பாதை ஒன்றுதான், நிலவரம் நொடிக்கு நொடி மாறும். டல்லடேகா பந்தயப் பாதையின் 33 பாகை சாய்வுள்ள வளைவுகளில் கார்கள் உரசுமளவுக்கு நெருங்கி ஓடுகையில், முன்செல்லும் கார் காற்றைக் கிழித்துக்கொடுப்பதால் பின்வரும் காருக்குக் காற்றின் தடை குறைகிறது. ஆகவே தனித்து விலகியவர் பின்தங்கிவிடுவார். எவர் பின்னால், எந்த வரிசையில் சேர்வது என்ற கணக்குதான் பெரும்பாலும் வெற்றியைத் தீர்மானிக்கிறது. 2024 பிப்ரவரியில் அட்லாண்டாவில் மூன்று கார்கள் ஏறத்தாழ ஒருசேரக் கோட்டைக் கடக்க, டேனியல் சுவாரெஸ் 0.003 வினாடி வித்தியாசத்தில் வென்ற காட்சியைத் தாங்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

மறுமொழி 2: மேலுள்ள கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் என்னைக் கட்டிப்போடுவது ஓட்டுநருக்கும் அவரது அணிக்கும் இடையிலான வானொலி உரையாடல்தான். நேரில் செல்லும் ரசிகர்கள் ஸ்கேனர் கருவியின் மூலம், உயரத்தில் நின்று பாதையைக் கவனிக்கும் ஸ்பாட்டர், "உள்பக்கம் ஒருவர் வருகிறார், இன்னும் இருக்கிறார், விலகிவிட்டார்" என்று ஓட்டுநருக்குச் சொல்வதை அப்படியே கேட்கலாம்.

மறுமொழி 3: முதலில் பிரிஸ்டல் பந்தயத்தைப் பாருங்கள். அரை மைலுக்குச் சற்றே கூடுதலான பாதை என்பதால், எந்த மோதலும் கண்ணுக்குத் தப்பாது.