ரைசிங் மெயின் கொட்டும் மேன்ஹோலில் அழுகிய முட்டை நாற்றம், கான்கிரீட்டும் உதிர்கிறது: மூடியை இறுக்கினால் போதுமா?

பம்ப்ரூம்:
வணக்கம். பம்பிங் ஸ்டேஷனிலிருந்து 250 மி.மீ. ரைசிங் மெயின் (பம்ப் அழுத்தத்தில் கழிவுநீரைத் தள்ளும் குழாய்) 1.8 கி.மீ. ஓடி ஒரு மேன்ஹோலில் கொட்டுகிறது. அதற்கப்புறம் சரிவில் தானாக ஓடும் கான்கிரீட் குழாய். விடியற்காலையில் முதல் பம்ப் ஓடும்போதுதான் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, பகலில் அவ்வளவு இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சுவர் நன்றாக இருக்கிறது. மேலே மட்டும் வெள்ளையாகப் பொதபொதவென்று ஊறி, ஜல்லி வெளியே தெரிகிறது. ரப்பர் வைத்து மூடியை இறுக்கி, உள்ளே பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

குழாய்க்காரன்:
இறுக்கினால் தெருவில் புகார் நிற்கும், மேன்ஹோல் இன்னும் சீக்கிரம் போகும். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியே போக வழியில்லாமல் ஈரச் சுவரில் படியும். அங்கே இருக்கும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். தண்ணீருக்கு மேலே மட்டும் அரிப்பதற்குக் காரணம் இதுதான்.

நாற்றம் அந்தக் குழியில் உண்டாகவில்லை. உங்கள் குழாய் கொள்வது சுமார் 88 கன மீட்டர். இரவில் மணிக்கு 10 கன மீட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டால், கழிவுநீர் ஏறக்குறைய 9 மணி நேரம் காற்றே படாமல் உள்ளே கிடக்கிறது. குழாய்ச் சுவரில் வழவழவென்று ஒட்டியிருக்கும் படலத்தில் உள்ள பாக்டீரியா, சல்பேட்டை சல்பைடாக்கிவிடும். காலையில் முதலில் வந்து விழுவது அந்தத் தண்ணீர்தான். பிளீச்சிங் பவுடரைக் கடைசிக் குழியில் தூவிப் பயனில்லை, மருந்து பம்பிங் ஸ்டேஷன் பக்கமே போகவேண்டும்.

லேப்வாசி:
கழிவுநீரின் பிஹெச் (அமில-கார அளவு; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்) எவ்வளவு சார்? 7-இல் கரைந்த சல்பைடில் பாதி வாயுவாக வெளியேறக்கூடிய வடிவில் இருக்கும், 8-இல் பத்தில் ஒரு பங்குதான். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்து பிஹெச்சைத் தூக்குவது இதனால்தான்.

ஒரு கம்பின் நுனியில் ஈரமான பிஹெச் தாளைக் கட்டி, உதிரும் இடத்தில் மேலே நின்றபடியே ஒற்றிப் பாருங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். இந்த வாயு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்கும் இடம்தான் ஆளைக் கொல்லும்.

பம்ப்ரூம்:
கழிவுநீர் 7.1. சுவரில் தாள் 1-க்கும் 2-க்கும் நடுவே காட்டுகிறது! மருந்தில் எது நல்லது? நைட்ரேட்டா, இரும்பா?

குழாய்க்காரன்:
கால்சியம் நைட்ரேட் கொடுத்தால் பாக்டீரியா சல்பேட்டை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் எடுக்கும். ஆனால் குழாயின் கடைசி வரை அது தீராமல் வரவேண்டும். டோசிங் (மருந்து செலுத்துவது) நின்றால் நாற்றம் திரும்பிவிடும். பெர்ரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பு, சல்பைடை இரும்போடு கட்டிப்போடும். கணக்குப்படி 1 கிலோ சல்பைடுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ இரும்பு வேண்டும், நடைமுறையில் கூடவே பிடிக்கும். அது அமிலத் தன்மையுள்ள சரக்கு என்பதால் டேங்கும் லைனும் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். எதை எடுத்தாலும் இரவு அளவு வேறு, பகல் அளவு வேறு. ஒரே வேகத்தில் விட்டால் பகலில் வீண், இரவில் போதாது.

என்னைக் கேட்டால் மருந்துக்கு முன்னால், வந்து விழும் வாயைக் கீழே இறக்குங்கள். உயரத்திலிருந்து சிதறி விழும்போதுதான் வாயு பிரிகிறது. முனை தண்ணீருக்குள் மூழ்கி அமைதியாகச் சேர்ந்தால் பாதித் தலைவலி போகும்.

அரைகுறை மேஸ்திரி:
சுவருக்கு எபாக்சி (பிசின் பூச்சு) அடிக்கலாம் என்று யாராவது வருவார்கள். ஊறிய பகுதியைச் சுரண்டி, கெட்டியான கான்கிரீட் வரும்வரை போகாமல் மேலே பூசினால் கொப்புளம் போட்டு உரிந்துவிடும். சாதா சிமென்ட் பூச்சும் அமிலத்துக்கு நிற்காது. கால்சியம் அலுமினேட் சிமென்ட் அல்லது ஹெச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) லைனிங் கேளுங்கள்.

பம்ப்ரூம்:
நன்றி. முனையை முதலில் இறக்குகிறோம், கூடவே இரும்பு டோசிங். மூடிக்கு ரப்பர் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

லேப்வாசி:
டோசிங் தொடங்கியதும் தண்ணீர் கறுத்து வரும். அது இரும்பு சல்பைடு, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள்.