அந்தப் பூனைக் கதை எது?

(குழு: நம் வீடு)

நான்: எல்லோருக்கும் ஒரு வேலை. அப்பாவுக்குக் கால் கட்டுப் பிரிக்க இன்னும் ஆறு வாரம் ஆகும். டிவி வேண்டாமாம், செய்தியும் வேண்டாமாம். காலப்பயண நாவல் வேண்டுமாம், அதுவும் பழையதாக. யாருக்கு என்ன தெரியும்?

அம்மா: இரவு ஒரு மணி வரை விளக்கு எரிகிறது. அதையும் சொல்.

நான்: இன்னொன்று. காலேஜில் படித்தபோது ஒன்று வாசித்தாராம். பெயர் மறந்துவிட்டது. குளிர்காலத்தில் ஒரு பூனை வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லுமாம். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

பெரியப்பா: அது என் புத்தகம்.

அத்தை: ஐயோ, மறுபடியுமா

பெரியப்பா: முதல் பக்கத்தில் என் பெயர் எழுதியிருந்தது. வாங்கிப் போனவன் இன்னும் தரவில்லை.

நான்: பெயர் என்ன பெரியப்பா?

பெரியப்பா: என் பெயரா?

நான்: புத்தகத்தின் பெயர்!

பெரியப்பா: அது எனக்கும் மறந்துவிட்டது. பச்சை அட்டை.

சின்ன மாமா: ராபர்ட் ஹைன்லைன், 'தி டோர் இன்டு சம்மர்', 1957. அந்த வீட்டில் வெளியே போக 11 கதவுகள், பூனைக்கென்று ஒரு கதவு. எந்தக் கதவைத் திறந்தாலும் பனிதான். ஆனாலும் ஏதோ ஒரு கதவுக்கு அப்பால் கோடைக்காலம் இருக்கிறது என்று பூனை நம்புகிறது. கதை நடப்பது 1970இல். கூட்டாளியும் காதலியும் சேர்ந்து ஓர் இன்ஜினியரை ஏமாற்றுகிறார்கள். அவன் உறைதூக்கத்தில் கிடந்து 2000ஆம் ஆண்டில் விழிக்கிறான். அப்புறம்தான் காலப்பயணம் வருகிறது. எழுதியவருக்கு இரண்டு ஆண்டுமே எதிர்காலம், நமக்கு இரண்டுமே பழைய கதை. அதனாலேயே இன்று படிக்க இன்னும் சுவையாக இருக்கிறது.

நான்: மாமா!! அதேதான். அப்பாவிடம் சொன்னேன், முகம் மலர்ந்துவிட்டது.

அண்ணி: நான் படித்திருக்கிறேன். பூனை அருமை. ஆனால் கடைசியில் அந்தச் சின்னப் பெண் ரிக்கி பெரியவளானதும் அவனுக்கே மனைவியாவது எனக்குப் பிடிக்கவில்லை.

சின்ன மாமா: சரிதான் அம்மா. அந்த இடம் உறுத்தும். மறைக்காமல் சொல்லிக் கொடுப்பதுதான் நல்லது.

தம்பி: இது ஒன்று. ஆறு வாரத்துக்குப் போதுமா?

சின்ன மாமா: போதாது. ஆரம்பம் எச்.ஜி. வெல்ஸ், 'தி டைம் மெஷின்', 1895. அவருக்கு முன்பே 1887இல் ஸ்பானிய எழுத்தாளர் என்ரிகே காஸ்பர், இயந்திரத்தில் ஏறிக் காலம் கடக்கும் நாவல் எழுதிவிட்டார். மார்க் ட்வைன் 1889இல் வெளியிட்ட நாவலில் ஒருவன் மண்டையில் அடிபட்டு, ஆர்தர் அரசர் காலத்தில் கண் விழிக்கிறான். ஆனாலும் வெல்ஸ்தான் வெல்ஸ். 8,02,701ஆம் ஆண்டுக்குப் போனால் மனித இனமே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மேலே வெயிலில் விளையாடும் மெலிந்த மனிதர்கள், கீழே இருட்டில் இயந்திரம் ஓட்டுகிறவர்கள். யார் யாருக்கு இரை என்பது மெல்லத் தெரியவரும்போது வயிறு கலங்கும். அதையும் தாண்டிப் போய், சூரியன் சிவந்து மங்கிய ஒரு கடற்கரையில் நிற்பான். அந்தச் சில பக்கங்களுக்காகவே நான் நாலு தடவை படித்தேன்.

அம்மா: டேய், மூச்சு விடு.

பெரியப்பா: நம்மிடம் ரேவதி கதை இல்லையா? மாப்பிள்ளை கேட்க மகளைக் கூட்டிக்கொண்டு ககுத்மி மன்னன் பிரம்மலோகம் போனான். அங்கே சற்று நேரம் பாட்டுக் கேட்டான். அதற்குள் இங்கே 27 சதுர்யுகம் கழிந்துவிட்டது.

அத்தை: அப்புறம் பலராமனுக்குக் கட்டிவைத்தார்கள். பாட்டி சொல்வாள்.

தம்பி: பாட்டி பூமியில் நேரம் வேறு, அங்கே நேரம் வேறு என்று விரல் மடக்கி எண்ணுவாள். நினைவிருக்கிறதா அக்கா?

நான்: மறப்பேனா. சரி, புத்தகத்துக்கு வாருங்கள்.

சின்ன மாமா: ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துத் தேடாதீர்கள். நடந்ததை மாற்ற முடியுமா, முடியாதா? நல்ல பழைய நாவல் இதற்கு ஒரே பதிலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை ஏமாற்றாமல் போகும். அசிமோவின் 'தி எண்ட் ஆஃப் எடர்னிட்டி' (1955) மாற்ற முடியும் என்கிறது. காலத்துக்கு வெளியே ஓர் அமைப்பு. மனிதகுலம் துன்பப்படாமல் இருக்க வரலாற்றை மிகச் சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். எவ்வளவு சிறிய திருத்தம் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். அந்த நல்லெண்ணமே எவ்வளவு பெரிய கேடு என்பதுதான் கதை. காதலுக்காக ஒருவன் விதியை மீறுகிறான். அத்தானுக்கு இதுதான் முதலில்.

தம்பி: கர்ட் வானெகட் நாவல்?

சின்ன மாமா: 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்', 1969. அதில் எதையும் மாற்ற முடியாது. பில்லி பில்கிரிம் தன் வாழ்நாளுக்குள்ளேயே முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே இருப்பான். இரண்டாம் உலகப்போரில், 1945இல், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது வானெகட்டே அங்கே போர்க் கைதி. மாற்ற முடியவில்லை என்பது அவர் வாய்ப்பேச்சுக்குச் சொன்னதில்லை.

அம்மா: போர் வேண்டாம். ஏற்கெனவே தூக்கமில்லை.

அத்தை: காலில் அரிப்பு எப்படி இருக்கிறது அண்ணி? கட்டுக்குள் எதையும் விட்டுச் சொறியச் சொல்லாதீர்கள்.

அம்மா: சொன்னால் கேட்டால்தானே. ஸ்கேலை ஒளித்து வைத்திருக்கிறேன்.

அண்ணி: ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' யாரும் சொல்லவில்லையே. 1979. 1976இல் இருக்கும் கறுப்பினப் பெண் டேனா திடீர் திடீரென்று 1800களின் மேரிலாண்டுக்கு, அடிமைகளை வைத்திருந்த குடும்பத்துக்குள் இழுக்கப்படுகிறாள். அந்த வீட்டு வெள்ளைக்காரப் பையன் அவளுடைய மூதாதை. அவனைக் காப்பாற்றாவிட்டால் அவளே பிறக்க மாட்டாள். எப்படிப் போகிறாள் என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை, தேவைப்படவும் இல்லை. இதை முடித்த இரவு நான் தூங்கவில்லை.

அம்மா: அதுவும் வேண்டாம்.

நான்: அம்மா, நீ படிக்கப் போவதில்லை!

அம்மா: பக்கத்தில் படுப்பது நான்தானே.

சின்ன மாமா: அக்காவுக்காக ஒன்று. ஜாக் ஃபின்னி, 'டைம் அண்ட் அகெய்ன்', 1970. இயந்திரமே கிடையாது. நியூயார்க்கில் அந்தக் காலத்துக் கட்டடமான டகோட்டாவில் குடியேறி, அந்தக் காலத்து உடை உடுத்தி, அந்தக் காலத்திலேயே இருப்பதாக மனத்தை நம்பவைத்து ஒருவன் 1882க்கு நடந்து போய்விடுகிறான். புத்தகம் நெடுகப் பழைய படங்கள். நிதானமான நடை. இரவில் படிக்க ஏற்றது.

அண்ணி: பத்து வயதுக்கு எதாவது இருக்கிறதா? சின்னது கேட்கிறது.

சின்ன மாமா: ஃபிலிப்பா பியர்ஸ், 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்', 1958. கடிகாரம் 13 அடிக்கும், கதவைத் திறந்தால் பகலில் இல்லாத தோட்டம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

தம்பி: வெல்ஸும் ட்வைனும் புராஜக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஆடியோவும் உண்டு. விளக்கே வேண்டாம் அம்மா. இன்றே போட்டுத் தருகிறேன்.

அம்மா: இதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே.

பெரியப்பா: ஹைன்லைன் மட்டும் யாரும் வாங்காதீர்கள். என் பிரதி அவனிடம்தான் இருக்கிறது. தேடச் சொல்.

அத்தை: பெரியண்ணா, அது சின்னண்ணாவிடம் இல்லை.

பெரியப்பா: பின்னே?

அத்தை: என்னிடம் தந்தார். நான் கூடப் படித்தவளுக்குக் கொடுத்தேன். அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். உங்களிடம் சொல்லப் பயம்.

தம்பி: 😮

பெரியப்பா: நாற்பது வருடமாக அவனையல்லவா திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி: சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

அப்பா: சொல்லியிருந்தால் அவளைச் சும்மா விட்டிருப்பாயா அண்ணா.

நான்: அப்பா, தூங்கவில்லையா?

அப்பா: அந்தப் பூனை பெயர் பீட். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

பெரியப்பா: ஹைன்லைன் நான் வாங்குகிறேன்.

சின்ன மாமா: நானும் சொல்லிவைத்துவிட்டேனே. பழைய பதிப்பு.

பெரியப்பா: நான் வாங்குகிறேன் என்றேன்.

நான்: அப்போது அசிமோவ் யார்? ஃபின்னி யார்?

தம்பி: முதலில் எது என்று அப்பா சொல்லட்டும்.

அப்பா: கிண்ட்ரெட்.

அம்மா: வேண்டாம் என்று சொன்னேன்.

அண்ணி: என் பிரதி இருக்கிறது சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.

அத்தை: பெரியண்ணா, கோபமா?

பெரியப்பா: ஞாயிறு நானும் வருகிறேன். நேரில் பேசிக்கொள்வோம்.